ஊதாக் கட்டம்

கேமரா வாங்க வருகிறவர்கள் முதலில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பார்கள். அப்புறம் விலை. அப்புறம் அரைமணி நேரம் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, அதே மாடலைப் போனில் தேடி, "யோசிச்சுட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாகக் கேமரா விற்கிறேன். யோசித்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் ஆளைப் பார்த்ததுமே இவர் வாங்குகிறவரா, பொழுதுபோக்க வந்தவரா என்று சொல்லிவிடுவேன். இந்த அம்மா விஷயத்தில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உள்ளே வந்தவள் அலமாரியைப் பார்க்கவில்லை, விலை அட்டையைப் பார்க்கவில்லை. தோள்பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கிளவுஸை எடுத்து, விரல் விரலாக இழுத்து மாட்டிக்கொண்டு, "இப்பக் காட்டுங்கண்ணே" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் கடைச் சாமானைத் தொட்டால் சொறி சிரங்கு வந்துவிடுமா என்ன?

"எல்லாம் துடைச்சுத்தாம்மா வெச்சிருக்கு," என்றேன்.

"ஐயோ, அதுக்கில்லண்ணே. வேலையில இதைப் போட்டுக்கிட்டுத்தான் எடுப்பேன். இதோட பட்டன் அமுத்த வருதான்னு பார்க்கணும்."

அன்றிலிருந்து அவள் எனக்குக் கிளவுஸம்மா. நிஜப் பெயர் பில்லில் இருக்கிறது. அவள் இவள் என்று எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம், என் கடைசித் தங்கை வயதுதான் இருக்கும்.

மூன்று கேமரா எடுத்து வைத்தேன். மூன்றும் மிரர்லெஸ், அதாவது உள்ளே மேலும் கீழும் அடித்துக்கொள்கிற கண்ணாடி இல்லாத வகை. முதலாவதில் எல்லாமே திரையைத் தொட்டுத்தான் செய்ய வேண்டும், கிளவுஸ் விரலை அது மதிக்கவே இல்லை. இரண்டாவது நல்ல கேமரா, ஆனால் இரண்டு கையாலும் தாங்க வேண்டிய கனம். "இன்னொரு கைக்கு வேலை இருக்குண்ணே," என்று தள்ளி வைத்தாள். மூன்றாவது உள்ளங்கை அளவுதான். பட்டன்கள் மேடாக, தடவியே கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தன. திரை தனியாக மடங்கித் திரும்பும். அவள் அதை ஒற்றைக் கையில் மேலே நீட்டி, திரையைத் தன் பக்கம் சாய்த்து, மேஜைமேல் கிடந்த என் மூக்குக் கண்ணாடியை உச்சியிலிருந்து பார்த்தாள்.

"ஸ்டூல் போட்டு ஏற வேண்டாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "சத்தம் வருமாண்ணே?"

சத்தமில்லாத முறையில் வைத்து ஒரு படம் எடுத்துக் காட்டினேன்.

"எடுங்க."

"எடுத்தாச்சும்மா."

அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. பிறந்த குழந்தைகளைத் தூக்கத்தில் படம் எடுக்கிற தொழில் இப்போது சக்கைப்போடு போடுகிறது. "குழந்தைங்க போட்டோவா? தூங்கறப்ப எடுக்கறதா?" என்றேன்.

"தூங்கறவங்க மாதிரிதான்," என்றாள். பெரிய ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில் வேலை. யார், எவர் என்று தெரியாமல் வருகிற உடல்களைப் படம் எடுத்துப் பதிவு செய்கிறவள். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

தேடி வருகிறவர்களை நேராகக் குளிர் அறைக்குள் விடமாட்டார்களாம். முன் அறையில் உட்காரவைத்து முதலில் படங்களைக் காட்டுவார்கள். இவர்தான் என்று கை காட்டினால்தான் உள்ளே கூட்டிப்போவது. "போட்டோ சரியா அமையலைன்னா பெத்தவளே இது என் புள்ளை இல்லைன்னு எழுந்து போயிடுவாண்ணே," என்றாள். ஏழு நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் யாரும் வராவிட்டால் புதைத்துவிட்டு ஒரு நம்பர் கல் நடுவார்கள்.

அவளிடம் இருந்தது பழைய பெரிய கேமரா. ஒவ்வொரு படத்துக்கும் அதன் கண்ணாடி 'டப்' என்று அடிக்கும். சுவரின் மேலே காற்றுக்கு விட்ட சந்து வழியாக அந்தச் சத்தம் முன் அறை பெஞ்சு வரைக்கும் கேட்குமாம். ஒருநாள் ஒரு பெண் அதை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, இவள் வெளியே வந்ததும், "பன்னெண்டு தடவை கேட்டுச்சு. பன்னெண்டு பேரா உள்ள?" என்று கேட்டிருக்கிறாள். உள்ளே இருந்தது மூன்றே பேர். ஆளுக்கு நான்கு படம். மறுவாரமே கிளவுஸம்மா புதுக் கேமராவுக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.

இந்த இடத்தில் நான் பில்லைப் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். செய்யவில்லை. விற்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. வாங்கி முடித்தவரிடமும் இன்னும் ஒரு வசதியைக் காட்டி மூக்கில் விரல் வைக்கச் செய்தால்தான் மனசு ஆறும்.

"இதுல இன்னொண்ணு பாருங்க," என்றேன். "யார் முகமா இருந்தாலும் அதுவே கண்டுபிடிச்சு வெள்ளைக் கட்டம் போடும். நமக்கு வேண்டிய ஆளோட முகத்தை முன்னாடியே பதிஞ்சு வெச்சுட்டா, கூட்டத்துல அவர் வந்தாப் போதும், கட்டம் ஊதாவா மாறிடும். நாம மறந்தாலும் இது மறக்காது."

அவள் கிளவுஸைக் கழற்றினாள். பர்ஸில் பேருந்து அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு பாஸ்போர்ட் அளவு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இருபத்து நாலு வயசுப் பையன். காதை மூடிய முடி, சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய்.

"என் தம்பி. ஆறு வருஷமாச்சு. இவனைப் பதிய முடியுமா?"

அவனை வீட்டைவிட்டு அனுப்பியது அவள்தான். மூன்றாவது வேலையையும் அவன் விட்டுவிட்டு வந்த அன்று, அம்மாவின் முன்னால் வைத்து, "தண்டச்சோறு தின்னது போதும், எங்கயாவது போய்த் தொலை" என்றாளாம். எல்லா வீட்டிலும் சொல்கிறதுதான். என் வீட்டில் என்னையே சொல்வார்கள். அவன் சார்ஜில் போட்ட போனைக்கூட எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். "சொன்னபடியே தொலைஞ்சுட்டாண்ணே," என்றாள். பிறகுதான் மார்ச்சுவரி வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறாள். எல்லோரும் ஓடி ஒளிகிற இடத்தைக் கேட்டு வாங்குகிறாளே என்று ஆபீஸே சிரித்ததாம்.

தினம் சாயங்காலம் அம்மா கதவைத் திறப்பார். ஒன்றும் கேட்கமாட்டார், முகத்தை மட்டும் பார்ப்பார். இவள் "இல்லம்மா" என்பாள். "சரி, கை கால் கழுவிட்டு வா" என்று அம்மா உள்ளே போய்விடுவார். அந்த ஒரு 'இல்லை'யில்தான் அந்த வீடு நடந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் எங்கேயோ இருக்கிறான் என்றும் அதற்கு அர்த்தம், இன்றும் வரவில்லை என்றும் அர்த்தம்.

படத்தை நன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பதிந்து கொடுத்தேன். அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். "அவனுக்கு இடது காது மேல்பக்கம் மடிஞ்சிருக்கும், பிறந்ததுலேர்ந்தே. இந்தப் படத்துல முடி மறைச்சிருக்கு. காது தெரியலையே, பரவாயில்லையா?"

"கேமராவுக்குக் காது எதுக்கும்மா," என்றேன். நானே சிரித்தும் கொண்டேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தாள். படத்தில் முகங்களுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுகிறது என்றாள். சத்தமில்லாமல் எடுக்கும்போது டியூப் லைட் செய்கிற வேலை அது. ஷட்டர் வேகத்தைக் குறைத்து வைத்ததும் சரியாகிவிட்டது. இன்னொரு தடவை, லென்ஸில் நீர் கோத்துக்கொள்கிறது என்று வந்தாள். குளிர் அறையிலிருந்து வெளியே எடுக்குமுன் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அரைமணி கழித்துத் திறக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

"யாருமே இல்லாத இடத்துல கட்டம் வருதுண்ணே. சுவர்ல ஈரக் கறை ஒண்ணு இருக்கு, அதுமேல வருது. மடிச்சு வெச்ச போர்வைமேல வருது. அங்கே வேலை பார்க்கறவர் அந்தச் சுவர்ப் பக்கமே இப்பப் போறதில்ல."

"ரெண்டு புள்ளி, கீழே ஒரு கோடு இருந்தா அது முகம்னு நினைச்சுக்கும். பேய் பிசாசு ஒண்ணும் இல்ல," என்று சொல்லி அனுப்பினேன். இல்லாத முகத்தைப் பார்க்கிற சாமான் இருக்கிற முகத்தைப் பார்க்காமலும் விடும் என்று என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் வெகுநாள் அவள் கேமரா பிரச்சினை என்று வரவில்லை. அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவாள். முன்பெல்லாம் ஒவ்வொரு முகத்தையும் மூன்று தடவை பார்ப்பாளாம். தாடி வைத்திருந்தால் தாடியில்லாமல் நினைத்துப் பார்ப்பாள், வயசானவராக இருந்தால் வயசைக் குறைத்துப் பார்ப்பாள். வருகிற ஆண்கள் எல்லோரும் ஒரு நிமிஷமாவது அவள் தம்பியாக இருந்துவிட்டுத்தான் வேறு ஆளாக ஆவார்கள். வீட்டுக்குப் போனாலும் அந்த முகங்கள் கூடவே வரும். "இப்ப அந்தத் தொந்தரவே இல்லண்ணே. முகத்தைப் பார்க்கறதில்ல, கட்டம் ஊதாவா வருதான்னு மட்டும்தான் பார்க்கறேன். நல்லாத் தூங்கறேன்," என்றாள். கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், ஒரு கேமராவால் ஒரு குடும்பமே நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. ஒருநாள் பதினொரு மணி இருக்கும். கிளவுஸைக் கழற்ற மறந்து, அதோடேயே கடைக்குள் வந்தாள்.

"ஊதா வந்துடுச்சுண்ணே."

எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அறுபது வயசு அம்மா ஒருத்தங்க. தலை பூரா நரை," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் நிம்மதியில் சிரித்தேன். அவள் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அண்ணே, அது தப்பா வர முடியும்னா, வர வேண்டிய நேரத்துல வராமலும் போகுமில்ல?"

மழுப்பியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் மழுப்பியவன்தான். அவள் நின்ற நிலையைப் பார்த்து முடியவில்லை. "வாங்க, பார்த்துடுவோம்," என்றேன்.

முதலில் என் முகத்தைப் பதிந்தோம். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன், ஊதா வந்தது என்றாள். சரி என்று மேஜைமேல் இருந்த பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஏறி மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். என் கடையில், பட்டப்பகலில், தெருவில் போகிறவர்கள் பார்க்க, பிணம் மாதிரி படுத்துக் கிடந்தேன். அவள் கேமராவை என் முகத்துக்கு மேலே நீட்டியிருப்பது மூடிய கண்ணுக்குமேல் நிழலாகத் தெரிந்தது. அப்போது என் மோவாயின் அடியில் ரப்பர் விரல்கள் வந்து பிடித்தன. முகத்தை மெதுவாக ஒரு பக்கம் திருப்பின.

"கொஞ்சம் திரும்பிக்கோங்க," என்றாள்.

அது என்னிடம் பேசுகிற குரல் இல்லை. பழக்கத்தில் செய்துவிட்டாள், அவளுக்கே தெரிந்திருக்காது. இன்னொரு கைக்கு என்ன வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"என்ன வருது?" என்று கண்ணை மூடியபடியே கேட்டேன்.

"ஒண்ணும் வரல."

"ஊதா வரலையா?"

"வெள்ளையே வரலண்ணே."

எழுந்து உட்கார்ந்தேன். உள்ளதைச் சொன்னேன். அது கண்ணை வைத்துத்தான் முகம் என்று தெரிந்துகொள்கிறது. கண் மூடியிருந்தால் சில சமயம் பிடிக்கும், பல சமயம் பிடிக்காது. பிடித்தாலும், இன்னார் என்று சொல்வது ஒரு குத்துமதிப்புதான். உயிரோடு நடமாடுகிறவர்களுக்காகச் செய்த சாமான் அது. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது. "அப்ப மூணு வருஷமா நான் யாரையுமே பார்க்கல," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மதியம் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் படங்களை ஏற்றியபிறகு மெமரி கார்டுகளை அந்த டப்பாவில்தான் வைப்பாள், வருஷம் மாதம் எழுதி. வெளியே கொண்டுபோகக் கூடாத கார்டுகள். "அங்கே உட்கார்ந்து தனியாப் பார்க்க முடியலண்ணே," என்றாள். கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு என் கம்ப்யூட்டரில் போட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

"முகம் வேண்டாம். இடது பக்கம் எடுத்த படத்தை மட்டும் வரிசையா வைங்க. காதைப் பார்த்தாப் போதும்."

நான் பட்டனைத் தட்டத் தட்ட, ஒவ்வொரு இடது காதாக வந்து போனது. மனுஷனின் காதை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே கிடையாது. கடுக்கன் போட்ட காது, ரோமம் முளைத்த காது, பாதி இல்லாத காது. ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கிளவுஸ், மோவாயைப் பிடித்தபடி. அவள் ஒவ்வொன்றுக்கும் மூச்சுக்கு நடுவே "இல்ல" என்றாள். இருநூற்றைம்பது தாண்டியதும் அந்த 'இல்ல' கொஞ்சம் தைரியமாகவே வந்தது. எனக்கும் தெம்பு வந்தது. இன்னும் நூற்றைம்பதுதான், முடிந்ததும் டீ வாங்கி வரலாம் என்று நினைத்தேன்.

இருநூற்று அறுபத்து மூன்றாவது படத்தில் என் விரல் நின்றுவிட்டது. அவள் டப்பாவில் அடுத்த கார்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஒட்டிய கன்னம், நரை கலந்த தாடி, மொட்டை அடித்து அரை அங்குலம் வளர்ந்த முடி. காதின் மேல்பக்கம் உள்பக்கமாக மடிந்திருந்தது. படத்தில் தலைமாட்டில் வைத்த சீட்டில் 'ரயில் நிலையம், ஆண், சுமார் நாற்பத்தைந்து' என்று இருந்தது. அவனுக்கு அப்போது முப்பத்திரண்டுகூட ஆகியிருக்காது. ஏழு நாள் அவளிருந்த கட்டடத்திலேயே, அவள் மேஜைக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறான். எட்டாம் நாள் நம்பர் கல்லுக்குப் போய்விட்டான்.

அவள் அழவில்லை. திரையில் தேதியைப் பார்த்தாள். "அன்னைக்கு அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிக்கிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போனேன்," என்றாள். "இல்லம்மான்னு சொன்னேன்."

பிறகு, திரையில் தெரிந்த அந்தக் கிளவுஸ் கையைத் தன் விரலால் தொட்டாள்.

"கொஞ்சம் திரும்பிக்கோங்கன்னு சொல்லியிருப்பேண்ணே. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வேன், மரியாதையா. என் தம்பிகிட்ட போய், யாரோ எவரோ மாதிரி..." நான் எழுந்துபோய் ஷட்டரை முழுசாக இறக்கினேன்.

நான்காவது நாள் வந்தாள். முகம் தேய்ந்திருந்தது. படத்தைப் பார்த்த அன்று சாயங்காலம் அம்மா கதவைத் திறந்ததும் இவளால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் நின்றதே போதுமாக இருந்திருக்கிறது. கல்லின் நம்பரைக் கண்டுபிடித்து இருவரும் போய்வந்துவிட்டார்கள். இப்போது அம்மா படத்தைக் கேட்கிறார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேண்ணே, நான் பார்க்காம விட்டதையும். அம்மா ஒண்ணும் சொல்லல. படம் மட்டும் வேணுமாம். நேரா எடுத்ததுல ரொம்ப மோசமா இருக்கான், இந்தப் பக்கப் படம்தான் பரவாயில்ல. ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க. அந்தக் கையை மட்டும் எடுத்துடுங்க."

எடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கீழ்ப்பக்கத்தை வெட்டி, வெள்ளைப் போர்வையை இழுத்து மூடி, பத்து நிமிஷத்தில் கையைக் காணாமல் போகச் செய்தேன். அவளுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினேன். கை போனதும் அந்தத் தலை அந்தரத்தில் தனியாகக் கிடந்தது. ரயில் நிலையத்தில் எப்படிக் கிடந்தானோ அப்படி.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாண்ணே," என்றாள். "கை இருக்கட்டும். கடைசில அவனை யாரும் தொடக்கூட இல்லன்னு அம்மா நினைச்சுட்டிருக்காங்க."

பழையபடியே பிரிண்ட் போட்டு உறையில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கேமராவை என்னிடம் நீட்டி, பதிந்த முகத்தை அழித்துவிடச் சொன்னாள். அழிக்கவா என்று கேமரா ஒருமுறை கேட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் அமுக்கினேன்.

அவள் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, முதலில் வெறும் கண்ணால் முகத்தைப் பார்க்கிறாளாம், அப்புறம்தான் படம். தேடுவதற்கு இனி யாரும் இல்லை, ஆனாலும் மூன்று தடவை பார்க்கிறாள். இடது காதையும் பார்க்கிறாள். தூக்கம் மறுபடியும் போய்விட்டது என்றாள்.

அந்த வசதியை நான் இப்போது யாருக்கும் காட்டுவதில்லை. கேட்டால், மெனுவில் இருக்கிறது, நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். வாசலைப் பார்த்தபடி வைத்திருக்கிற கேமராவின் திரையில், தெருவில் போகிறவர்கள் முகத்தில் எல்லாம் வெள்ளைக் கட்டம் வந்து வந்து மறைகிறது. சில முகங்களுக்கு வருவதில்லை. அப்படி யாராவது போனால் நான் எழுந்து வாசலுக்குப் போய், அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன்.